‘சாங்’: காடு நடித்த மௌனப் படம்

இன்று தாய்லாந்து எனப்படும் சயாம் நாட்டில், லாவோஸை ஒட்டிய வடபகுதிக் காடுகளில் எடுக்கப்பட்டு, 1927ஆம் ஆண்டு பாரமவுண்ட் நிறுவனத்தால் வெளியிடப்பட்ட ‘சாங்’ என்னும் மௌனப் படம், காட்டு விலங்குகளுக்கு நடுவே மனிதர் பிழைத்திருக்கும் பாட்டைத் திரைக்குக் கொண்டுவந்த தொடக்ககாலப் படங்களுள் தலையாயது. அதை உருவாக்கிய மேரியன் கூப்பர், எர்னஸ்ட் ஷோட்சாக் ஆகிய அமெரிக்கர் இருவரும், ஈரானின் பக்தியாரி மேய்ப்பர்கள் மந்தைகளோடு மலை கடக்கும் நெடும்பயணத்தை ‘கிராஸ்’ (1925) என்ற படத்தில் முன்னரே பதிவு செய்திருந்தனர்.

காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில், கால்கள் மேல் எழுப்பிய வீட்டில் வாழும் குரு என்ற உழவனின் குடும்பமே கதையின் மையம். சிறுத்தை ஆடுகளைக் கவர்கிறது. புலி எருமையைக் கொல்கிறது. குரு வெட்டிய குழியில் யானைக்கன்று ஒன்று விழ, அதை அவன் வீட்டின் அடியில் கட்டிவைக்க, தேடிவந்த தாய்யானை வீட்டையே பெயர்த்தெறிந்து கன்றை மீட்டுச் செல்கிறது. பின்னர் யானைக்கூட்டம் ஊரை மிதித்து அழிக்க, ஊரார் திரண்டு, பருமரங்களை நட்டு அமைத்த வேலிப்பட்டிக்குள் அக்கூட்டத்தை வளைத்து ஓட்டிப் பிடித்துப் பழக்குகின்றனர்.

இதை ஆவணப்படம் என்று அப்படியே ஏற்க இயலாது. குடும்பம் படத்துக்காகச் சேர்க்கப்பட்டது. நிகழ்ச்சிகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. இடையிடையே தோன்றும் எழுத்து அட்டைகள் குடும்பத்தின் வளர்ப்புக் குரங்கான பிம்போவையும் பேசவைக்கின்றன. ஆயினும் காட்சிகளில் தெரியும் ஆபத்து மெய்யானது. கையால் சுழற்றி இயக்கும் படக்கருவியுடன் ஷோட்சாக் மரக்கிளைப் பரணில் அமர்ந்திருக்க, கீழிருந்து புலி அவரை நோக்கிப் பாய்ந்தேறும் காட்சியும், மரக்கட்டைகளால் மூடிய குழிக்குள் அவர் ஒடுங்கியிருந்து, தலைக்கு மேலே கடந்துசெல்லும் யானைகளைப் படம்பிடித்த காட்சியும், எவ்விதச் சூழ்ச்சிப் படப்பிடிப்பாலும் ஈடுசெய்ய முடியாதவை. அதே வேளையில், புலியும் சிறுத்தையும் படத்துக்காக உண்மையிலேயே கொல்லப்பட்டதை இன்றைய பார்வையாளர் பொறுத்துக்கொள்ள முடியாது, பொறுத்துக்கொள்ளவும் கூடாது.

யானைகள் பாய்ந்துவரும் கட்டத்தில் பெரிய அரங்குகளில் ‘மேக்னாஸ்கோப்’ பயன்பட்டது. படத்தைப் பெரிதாக்கி வீசும் வில்லையைப் பொருத்தி, திரையைச் சுற்றிய கறுப்புத் துணியை விலக்கிக் காட்சியைத் திடீரென விரியச் செய்யும் முறை அது. முதல் ஆஸ்கர் விழாவில், ‘தனித்தன்மையும் கலைநயமும் கொண்ட படைப்பு’ என்ற பிரிவில் ‘சாங்’ பரிந்துரைக்கப்பட்டது. விருதை ‘சன்ரைஸ்’ பெற்றது. கூப்பரும் ஷோட்சாக்கும் 1933இல் ‘கிங் காங்’ படத்தை இயக்கியபோது, விலங்குகளைப் படமெடுக்க உயிரைப் பணயம் வைத்து அறியாத தீவுக்குச் செல்லும் இயக்குநர் பாத்திரத்தைக் கூப்பரின் சாயலிலேயே படைத்தனர்.