தீக்குத் தண்ணீர் தெளிக்கும் இயந்திரம்

பண்ணைப்புரத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “லோயர் கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீர் மின்சாரம் தருவதைப் பார்த்திருக்கிறேன். எரிவாயுவில் எடுத்தால் புகையே வராதாமே, நிஜமா?”

கண்ணுக்குத் தெரியும் புகை வராது. தெரியாத புகை வரும்.

முதலில், எரிவாயு எதற்கு என்று பார்ப்போம். பொழுது சாய்ந்தால் சூரிய மின்சாரம் அடங்கிவிடும். அதே நேரத்தில் வீடுகளில் விளக்கு எரியும், மின்விசிறி ஓடும். நிலக்கரிக் கொதிகலன் ஈர விறகு அடுப்பைப் போன்றது. ஆறிக் கிடந்தால் சூடேறப் பல மணி நேரம் ஆகும். எரிவாயுச் சுழலியோ சில நிமிடங்களில் தயாராகிவிடும். இப்படி உச்சநேரத்துக்குக் கைகொடுக்கவே சென்னை பேசின் பிரிட்ஜில் 1996-இல் 30 மெகாவாட் சுழலிகள் நான்கு வந்தன. அவை எரித்தது எரிவாயு அல்ல, நாப்தா என்ற பெட்ரோலிய நீர்மம். குத்தாலத்திலும் வழுதூரிலும் எரிவது நம் மண்ணின் இயற்கை எரிவாயு. அங்கே சுழலி கக்கும் வெப்பத்தைப் பிடித்து நீராவியாக்கி, மீண்டும் மின்சாரம் எடுக்கிறார்கள். இந்த ஏற்பாடு இல்லாத தனிச் சுழலியில் வெப்பத்தின் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. அப்படியும், ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு நிலக்கரியைவிடக் குறைவுதான்.

என்னை வியக்க வைப்பது வேறொன்று. இடிமழை பெய்த மறுநாள் என் அப்பா வரப்பில் நின்று, “வானமே உரம் போட்டுருச்சுடா” என்பார். மின்னலின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி, மழையில் கரைந்து, பயிருக்கு உணவாகின்றன. சுழலியின் தீ சுமார் 1,500 டிகிரியைத் தாண்டும்போது அதே கூடல் அங்கேயும் நடக்கிறது. எரிபொருள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் காற்றே மாசைத் தந்துவிடும்! வயலில் உரமாவது நகரத்தில் மூச்சை அடைக்கிறது. வெயில் பட்டால் ஓசோன் உருவாகவும் காரணமாகிறது. இந்த மாசைக் குறைக்கப் பல சுழலிகளில் எரியும் தீக்குள்ளேயே உப்பு நீக்கிய தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். தீ அணையாது, அதன் உக்கிரம் மட்டும் தணியும்.

சுழலி கிளம்பும் நிமிடங்களில் எரிபொருள் சரியாக எரியாததால் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாக வரும். தினமும் நின்று நின்று கிளம்பும் உச்சநேர நிலையத்துக்கு இது தீராத குறை. அதை அடிக்கடி கிளம்ப வைப்பது நம் மாலைநேர அவசரம்தான். தென்னைக்குப் பாய்ச்சும் மோட்டாரையும், மாவரைக்கும் கிரைண்டரையும் வெயில் இருக்கும்போதே ஓட்டிவிடுங்கள். எங்கோ ஒரு புகைபோக்கிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய நன்மை அது.