கம்பு கேட்டால் காலடி!
சிலம்பக் கூடத்தில் ஒரே பாடம் எத்தனை நாளைக்கு?

தேனி,

"சேர்த்து மூணு மாசம் ஆச்சு. இன்னும் காலை மாத்தி வை, மாத்தி வைன்னே நடக்குது. கம்பு எப்பத்தான் சுத்தப் போறான்?"

பிள்ளையைச் சிலம்பத்துக்கு அனுப்பும் பெற்றோர் மத்தியில் இந்த முணுமுணுப்பு சகஜம். தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று பள்ளத்தாக்கு நெடுக இதே கதைதான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். போனால் அதே காலடி. அதே வீச்சு. "திரும்ப!" என்று ஒரு சத்தம். மறுபடியும் முதலிலிருந்து!

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் 2021-ல் சிலம்பமும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக மேடை ஏறியது. கம்பு சுற்றினால் வேலை கிடைக்கும் என்றால் எந்த அப்பாதான் சும்மா இருப்பார்?

ஆனால் ஒதுக்கீட்டில் வேலை வேண்டுமென்றால் போட்டியில் ஜெயித்தாக வேண்டும். சும்மா கம்பு சுற்றி போட்டோ எடுத்துக்கொண்டால் போதாது. அங்கேதான் காலடியின் அருமை தெரியும்.

கண்ணிமைக்கும் நேரம்

எதிரி கம்பு வருவதைக் கண் பார்த்து, கை அசையத் தொடங்கவே சுமார் 0.2 வினாடி ஆகிவிடும். "இது தலைக்கா, முட்டிக்கா? இடது பக்கம் நகரணுமா?" என்று யோசிக்க ஆரம்பித்தால் அதற்குள் அடி விழுந்திருக்கும். போட்டியில் உடம்பில் கம்பு பட்டால் எதிராளிக்குப் புள்ளி. ஆகவே யோசிக்காமல் கால் தானாக விலக வேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவன் பெடலைப் பற்றி யோசிப்பதில்லை அல்லவா? அப்படி.

ஒகினாவாவிலிருந்து ஜப்பானுக்குக் கராத்தேயைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பூனகோஷி கிச்சின். அவரும் இளவயதில் ஒரே வரிசையை ராத்திரி ராத்திரியாக, மாதக்கணக்கில் செய்தவர்தான். குரு போதும் என்று சொல்லும்வரை அடுத்த பாடம் இல்லை!

நம்மூரில் சிலம்பம் என்றதும் ஞாபகம் வருகிறவர் எம்.ஜி.ஆர். 1984 தேர்தலில் அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தவர். 1971-ல் வந்த 'ரிக்சாக்காரன்' படத்தில் ரிக்சாவை ஓட்டிக்கொண்டே கம்பு சுற்றுவார். விசில் பறந்தது! காலடி தெரிந்த கைக்குத்தான் அது வரும். அந்தப் பழைய பயிற்சி திரையில் தெரியாது. அதனால்தான் பிள்ளைகள் ரிக்சாவிலிருந்தே ஆரம்பிக்கப் பார்க்கிறார்கள்.

தப்பும் பழகும்

சரி, திரும்பத் திரும்பச் செய்தால் எல்லாம் வந்துவிடுமா? வராது. மணிக்கட்டைக் கோணலாகப் பிடித்து ஆயிரம் தடவை சுற்றினால் கோணல்தான் பழகும். ஐம்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு விசில் மட்டும் ஊதினால் அந்தக் கோணலை யார் பார்ப்பது?

இன்னொரு சங்கதி. அலங்காரச் சிலம்பத்தில் காற்றாடி மாதிரி சுற்றும் பையன், எதிரே ஆள் கம்பை ஓங்கினால் திகைத்து நின்றுவிடுவதுண்டு. காற்றோடு மட்டும் பழகியவனுக்கு ஆளோடு பழக்கமில்லை. இருவராக நின்று அடிக்க, தடுக்க, மாற்றி அடிக்கப் பழக்காத கூடத்தில் காலடி வெறும் நடைதான்.

ஷியா, மார்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1979-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். மூன்று விதமான கை வேலைகள். ஒரு கூட்டம் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைப் பழகியது. இன்னொரு கூட்டம் மூன்றையும் கலந்து மாற்றி மாற்றிப் பழகியது. பயிற்சியின்போது முதல் கூட்டம் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. 10 நாள் கழித்துப் பார்த்தால், கலந்து பழகியவர்கள்தான் மறக்காமல் செய்தார்கள்!

ஆக, முதல் சில வாரம் ஒரே காலடி நியாயம். அது கொஞ்சம் பிடிபட்டதும் தலைவீச்சு, முட்டிவீச்சு, தடுப்பு என்று மாற்றிக் கலந்து கேட்கிற வாத்தியார் நல்ல வாத்தியார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் பிழிந்தெடுப்பதைவிடத் தினம் அரைமணி மேல். வளரும் பிள்ளைக்குத் தோளும் மணிக்கட்டும் வலித்தால் அன்றைக்கு லீவு விடத்தான் வேண்டும். "வலி பழகிடும்"னு சொல்லி விரட்டக்கூடாது.

கம்பு ஆளின் நெற்றி உயரம் இருப்பது வழக்கம். பையன் வளர வளரக் கம்பும் மாறும். கம்பு நீண்டால் எதிராளிக்கும் தனக்கும் உள்ள தூரம் மாறும். காலை எங்கே வைப்பது என்பதும் மாறும். அப்போது பழைய மாணவனும் புதுப் பையன்களோடு வரிசையில் நின்று, முதல் காலடியிலிருந்து ஆரம்பிக்கிறான்.