டிராக்டரின் கியர் பெட்டி வடிகட்டியை வீட்டிலேயே மாற்றலாம்

டிராக்டர் வைத்திருக்கும் உழவர்கள் என்ஜின் ஆயிலை மாற்றுவதில் காட்டும் அக்கறையைப் பின்பக்க ஆயிலில் காட்டுவதில்லை. என்ஜின் ஆயில் கறுத்துப் போவது கண்ணுக்குத் தெரிகிறது. கியர் பெட்டி ஆயில் நெடுநாள் நிறம் மாறாமல் இருப்பதால், நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். லிப்ட் மெதுவாக ஏறத் தொடங்கிய பிறகே வடிகட்டியின் நினைவு வருகிறது. அதற்குள் ஹைட்ராலிக் பம்பு தேயத் தொடங்கியிருக்கும். பம்பின் விலை வடிகட்டியின் விலையைப் போலப் பல மடங்கு. நடவு நேரத்தில் வண்டி பட்டறையில் நிற்பதால் வரும் இழப்பு தனி.

பல டிராக்டர்களில் கியர் பெட்டி, டிபரன்ஷியல், லிப்ட் ஆகிய மூன்றும் ஒரே ஆயிலில் இயங்குகின்றன. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் தட்டுகளுக்கும் அதே ஆயில்தான். கியர் பற்கள் உராய்ந்து உதிரும் இரும்புத் துகளும் பிரேக் தட்டின் தூளும் அந்த ஆயிலில் மிதந்து பம்பை நோக்கிச் செல்கின்றன. இடையில் நின்று தடுப்பது வடிகட்டி ஒன்றே. அது அடைத்துக்கொண்டால், சில அமைப்புகளில் பக்கவழி வால்வு திறந்து வடிகட்டாத ஆயில் அப்படியே உள்ளே போகும். வேறு சிலவற்றில் பம்பு உறிஞ்ச ஆயில் கிடைக்காமல் கீச்சென்று இரையும். இரண்டுமே கேடு.

இரட்டைக் கிளட்ச் வண்டி வைத்திருப்போர் சிலர், பின்பக்க ஆயிலைத் தொட்டால் கிளட்ச் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறார்கள். டிராக்டரின் இரட்டைக் கிளட்சில் ஒரு தட்டு கியர் பெட்டிக்கும் மற்றது பி.டி.ஓ. தண்டுக்கும் விசையைக் கொடுக்கிறது. பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், ரோட்டாவேட்டர் சுழலும். முழுதும் மிதித்தால் இரண்டும் நிற்கும். இத்தட்டுகள் பெரும்பாலும் உலர்ந்த வகை; ஆயிலுக்கு அப்பால் தனி அறையில் இருப்பவை. இக்காலக் கார்கள் சிலவற்றில் வரும் இரட்டைக் கிளட்ச் வேறு. அங்கே ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்றும் இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்றுமாக இரு கிளட்சுகள். அவற்றில் பல ஆயிலிலேயே மூழ்கியிருப்பதால், குறித்த வெப்பநிலையில் ஆயில் அளவு பார்க்க வேண்டிய சிக்கல் உண்டு. டிராக்டருக்கு அது இல்லை. எனவே உழவர் தம் கையாலேயே இவ்வேலையைச் செய்யலாம்.

எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். புது வண்டியில் முதல் 50 மணியிலும், பிறகு 250 அல்லது 500 மணிக்கு ஒருமுறை வடிகட்டியையும், ஏறத்தாழ 1,000 மணிக்கு ஆயிலையும் மாற்றுவது பொதுவான வழக்கம். உறுதியான கணக்கைத் தம் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை விற்பனையாளரின் பட்டறையிலேயே விடுவது நல்லது.

டெல்டாப் பகுதியில் மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பே இவ்வேலையை முடித்துவிட வேண்டும். கோடையில் புழுதிக் காற்று வீசும் என்பதால் கொட்டகைக்குள், காலை நேரத்தில் செய்வது உகந்தது. வெளியில் ஒட்டிய சேற்றை முதல் நாளே கழுவிக் காயவிட வேண்டும். வடிகட்டியைக் கழற்றும்போது உள்ளே விழும் ஒரு சிட்டிகை மண், பழைய வடிகட்டி செய்திருக்கும் கெடுதலைவிட அதிகம் செய்துவிடும்.

வண்டியைச் சிறிது நேரம் ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்கிச் சமதரையில் நிறுத்த வேண்டும். லிப்ட் கைகளை முழுதும் இறக்கிவிட்டால்தான் சிலிண்டரில் உள்ள ஆயில் தொட்டிக்குத் திரும்பும். தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. சாவியை எடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின், முதலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆயிலை வடித்த பிறகு மூடி இறுகிக் கிடப்பதைக் கண்டு திண்டாடுவோர் உண்டு.

டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பார்ப்பது அவசியம். விபூதியைக் குழைத்தது போன்ற சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். ஊசி போன்ற சிம்புகளோ பல் உடைந்த துண்டுகளோ இருந்தால், வடிகட்டி மாற்றுவதால் பயனில்லை. மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கேஜ் வீல் போட்டுச் சேற்றுழவு செய்யும் வண்டிகளில் இது சாதாரணம். அச்சு ஆயில் சீல் வழியாகவும் காற்றுத் துளை வழியாகவும் நீர் புகுந்துவிடுகிறது. ஐயமிருந்தால், இரவு முழுதும் நின்ற வண்டியில் விடிந்ததும் பிளக்கைச் சற்றே தளர்த்தினால், அடியில் தங்கிய நீர் முதலில் சொட்டும். சூடான தகரத்தில் ஒரு சொட்டு ஆயில் விட்டாலும் சடசடவென வெடித்துக் காட்டிக்கொடுக்கும். இதற்குத் தோசைக்கல்லை எடுத்தால் வீட்டில் சண்டை வரும். தண்ணீர் கலந்த ஆயிலைக் கணக்கு மணி வராவிட்டாலும் முழுதும் மாற்றியே ஆகவேண்டும்.

கம்பி வலை வடிகட்டியை டீசலில் கழுவி உலர்த்தித் திரும்பப் போடலாம். காட்டன் வேஸ்டால் துடைக்கக் கூடாது, நூல் ஒட்டிக்கொள்ளும். காகித வடிகட்டியை மண்ணெண்ணெயில் அலசி மீண்டும் பொருத்துவது சிக்கனம் ஆகாது. காகிதம் கிழிந்து வழிவிட்டுவிடும். திருகிப் போடும் வகையில், பழைய ரப்பர் வளையம் வண்டியிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீய்ச்சும். புது வளையத்தில் புது ஆயிலைத் தடவி, வளையம் உட்கார்ந்த பின் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

ஆயில் வகையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மூழ்கு பிரேக் உள்ள வண்டியில் வெறும் கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் அலறும். ஊற்றியபின் என்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, லிப்டைப் பலமுறை ஏற்றி இறக்கி, கசிவு பார்த்து, கைகளை இறக்கிய நிலையில் மீண்டும் அளவு பார்க்க வேண்டும்.

கிளட்ச் அறையின் அடியில் பல வண்டிகளில் ஒரு சிறு துளை உண்டு. அதில் ஆயில் சொட்டினால் சீல் போய்விட்டது. தட்டுகள் நனைந்து வழுக்கும் முன் கவனிக்க வேண்டும். சேற்றுழவுக்காக அத்துளையை அடைத்தவர்கள் உழவு முடிந்ததும் திறந்துவிட மறக்கக் கூடாது.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல் மூடியுள்ள டின்னில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்கலாம். புது வடிகட்டியின் மேல் மணி மீட்டர் காட்டிய எண்ணைப் பெயிண்டால் எழுதி வைத்தால் அடுத்த முறை கணக்குத் தேட வேண்டியதில்லை.