365அ: முறைப்பாடு செய்யவும் அஞ்சுவோர்

எனது ஊர் கதிரவெளி. 2006 நவம்பரில் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த எம்மவர் எறிகணை வீச்சில் கொல்லப்பட்டார்கள். நீதி மறுக்கப்படுவது என்னவென்று எமக்குத் தெரியும். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

பிரித்தானியர் காலத்துத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, ‘பாரதூரமான இழிசெயல்’ என்ற பெயரில் தற்பாலின உறவை 2 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. வயதுவந்தோரின் சம்மதம் கணக்கில் இல்லை. 1995 திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. தாக்கப்பட்டவரும் மிரட்டிப் பணம் பறிக்கப்பட்டவரும் பொலிஸுக்குப் போக அஞ்சுகிறார்கள். அங்கே தாமே குற்றவாளியாகலாம்.

ரொசானா பிளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், இப்பிரிவு அவரது உரிமைகளை மீறுவதாக 2022இல் ஐ.நா. பெண்கள் உரிமைக் குழு தீர்மானித்தது. இக்குற்றத்தை நீக்கும் பிரேம்நாத் தொலவத்தவின் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் கூறியது. ஆயினும் 2024இல் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை.

இனி வேண்டியது சாதாரண பெரும்பான்மை மட்டுமே. எமது மாவட்டப் பிரதிநிதிகளுக்கும் அங்கே வாக்கு உண்டு. எமக்கு நீதி கேட்கும்போது, இவர்களுக்கும் கேட்போம்.