காணா வாயிலின் காவல்

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படுகின்றது. அவ்வொளி மதில்களையும் தெருக்களையும் கடந்து, பல கல் தொலைவில் உள்ள ஊரார் கண்களுக்கும் விருந்தாகின்றது. எல்லாரும் காணவேண்டும் என்பதே அத்தீபம் ஏற்றுவதன் நோக்கம்.

அம்மலையடியில் உள்ள வீடுகளில் இன்று கண்ணுக்குப் புலனாகாத அலைகளும் பரவுகின்றன. வீட்டின் ஒரு மூலையில் இருக்கும் ரௌட்டர் என்னும் சிறு கருவி, இணையத் தொடர்பை வானொலி அலைகளின் வாயிலாக வீடெங்கும் பரப்புகின்றது. இதனையே வைஃபை என்பர். இவ்வலைகளும் சுவரோடு நின்றுவிடுவதில்லை. அண்டை வீட்டிலும் தெருவிலும் புகுகின்றன. ஆனால், தீப ஒளியைப்போல் இவை எல்லார்க்கும் பொதுவானவை அல்ல. ஆதலின் இவற்றிற்குக் காவல் வேண்டும்.

காவல் இல்லையேல் நேர்வது யாது? 2008ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26ஆம் நாள், அகமதாபாத் நகரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிர் இழந்தனர். வெடிப்பிற்குச் சில மணித்துளிகளுக்கு முன், செய்தி நிறுவனங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்திருந்தது. அது புறப்பட்ட இடத்தைக் காவல்துறையினர் தேடினர். நவி மும்பையில் வெளிநாட்டார் ஒருவர் வாழ்ந்த வீட்டின் இணைப்பையே தடயங்கள் காட்டின. அவர் கடுமையாக விசாரிக்கப்பட்டார். அவருடைய கணினியும் ஆராயப்பட்டது. அவர் வீட்டு வைஃபை காவலின்றித் திறந்து கிடந்தமையும், பிறர் அதனுள் நுழைந்து அம்மடலை விடுத்தமையும் பின்னரே தெளிவாயின. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் ஆயிற்று.

இவ்வாறு பழி வருவதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் எத்தனை கருவிகள் இருப்பினும், அவை பெரும்பாலும் ஒரே எண் முகவரியோடுதான் வெளியுலகிற்குத் தோன்றும். உள்ளே நுழைந்த அயலான் செய்வதும் வீட்டார் செய்ததாகவே எண்ணப்படும்.

இக்கேட்டைத் தவிர்க்கும் வழிகள் அரியன அல்ல. முதலாவது, நல்ல பூட்டைத் தேர்தல். அலைகளில் செல்லும் செய்தியைப் பிறர் அறியாவண்ணம் மாற்றி அனுப்புவதே அப்பூட்டாகும். 1997இல் தோன்றிய டபிள்யூ.இ.பி. என்னும் முறையின் குறைகளை 2001இல் அறிஞர்கள் வெளிப்படுத்தினர். அது இன்று பயன்படாது. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறையையோ, 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையையோ கைக்கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, கடவுச்சொல். சிலர் தம் தொலைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பர். அது பூட்டின்மேல் திறவுகோலைத் தொங்கவிடுவதை ஒக்கும். தொடர்பற்ற சில சொற்களை எண்களோடு கோத்து நீளமாக அமைத்தலே நன்று.

மூன்றாவது, உள்வாயிலின் காவல். அண்ணாமலையார் கோயிலில் கோபுரத்தைக் கடந்தவர்க்கு உள்ளேயும் மதில்களும் வாயில்களும் உண்டு. அதுபோல், ரௌட்டரின் அமைப்புகளை மாற்றுதற்கெனத் தனிக் கடவுச்சொல் உண்டு. தொழிற்சாலையில் இட்ட பொதுச்சொல்லையே அங்கு விட்டுவைத்தால், உள்ளே புகுந்தவன் பூட்டையே மாற்றிவிடுவான். ஆகவே, கருவியை நிறுவிய அன்றே அதனை மாற்றிவிடுதல் வேண்டும்.

நான்காவது, கருவியின் மென்பொருளைப் புதுப்பித்தல். பழைய கதவில் விரிசல் கண்டால் தச்சர் அடைப்பர். அதுபோல், மென்பொருளில் காணும் குறைகளை உற்பத்தியாளர் திருத்தி வெளியிடுவர். அத்திருத்தங்களை ஏற்றுக்கொள்ளாவிடின் விரிசல் அப்படியே இருக்கும்.

பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் உறவினர் பலர் அந்நகர வீடுகளில் தங்குவர். அவர்க்கு இணையம் மறுத்தல் விருந்தோம்பலுக்கு அழகன்று. முன்னாளில் வழிப்போக்கர்க்கென வீட்டின் முன்னே திண்ணை இருந்தது. வந்தவர் இளைப்பாறினர், உள்ளறையும் காவலோடு இருந்தது. இக்காலத்து ரௌட்டர்கள் பலவற்றிலும் விருந்தினர்க்கெனத் தனி வைஃபை அமைக்க இயலும். அவர்கள் அதனைப் பயன்படுத்துவர். வீட்டாரின் கணினிகளும் கோப்புகளும் தனித்து நிற்கும்.

இரவில் தெருக்கதவைத் தாழிட்ட பின்னரே நம் மக்கள் உறங்கச் செல்வர். அண்டை அயலாரைக் கள்வர் எனக் கருதுவதன்று அதன் பொருள். தம் இல்லத்திற்குத் தாமே பொறுப்பாளர் என்பதே பொருள். கண்ணுக்குத் தெரியும் கதவிற்குக் காட்டும் அவ்விழிப்பைக் காணா வாயிலுக்கும் காட்டுதல் இன்றைய குடும்பத்தாரின் கடமையாகும்.