அனுமதி கேட்கும் கணினி: வாயை அடைக்கலாமா?

புது தில்லி: வீட்டுக் கணினியில் மென்பொருள் நிறுவ முயன்றால், அனுமதி கோரித் திரையில் கேள்வி எழுகிறது. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த இந்த ஏற்பாடு, ஓயாது குறுக்கிடுவதாக அப்போதே எரிச்சலைக் கிளப்பியது. 2009-இல் வெளியான விண்டோஸ் 7-இல் கேள்விகள் குறைக்கப்பட்டன. ஆயினும், தொந்தரவு எனக் கருதி அதை முற்றிலும் நிறுத்துவோர் உண்டு.

நிறுத்தினால், விளையாட்டு என நம்பிப் பிள்ளைகள் பதிவிறக்கும் தீய மென்பொருள், கேள்வியின்றிக் கணினி முழுவதையும் கைப்பற்றக்கூடும். பெற்றோர் வங்கிக் கணக்கை இயக்குவதும் அதே கணினியில்தான். பயனாளருக்குத் தேவைக்கு மேல் அதிகாரம் கூடாது என்பதே, 2004 முதல் இயங்கும் மத்திய அரசின் "செர்ட்-இன்' அமைப்பின் அறிவுரை.

படிக்காமலேயே "ஆம்' என அழுத்துவோருக்குக் கேள்வி இருந்தும் பயனில்லை. எனவே, அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாக அதிகாரமற்ற கணக்கு. மென்பொருள் நிறுவப் பெரியவர்களின் கடவுச்சொல். கேள்வி தொடரட்டும், பதிலில்தான் கவனம் தேவை.