யார் சாலை, யார் மேடு?

மலாக்காவில் வீடமைப்புப் பகுதிகளையும் தோட்டத்தை ஒட்டிய கம்பங்களையும் சுற்றி வந்தால் மூன்று வகையான வேகத்தடைகளைப் பார்க்கலாம். முதல் வகை, மாநகர் மன்றமோ நகராண்மைக் கழகமோ போட்டது. தார்க் கலவையை அகலமாக உருட்டி, மேலே கோடு போட்டு, கொஞ்சம் முன்னால் அறிவிப்புப் பலகையும் நட்டிருப்பார்கள். இரண்டாவது, தெருக்காரர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிமெண்டைக் குழைத்து அப்பியது. அகலம் ஒரு முழம்கூட இருக்காது, உயரம் மட்டும் கணுக்காலைத் தொடும். மூன்றாவது, சாலையின் குறுக்கே கிடத்தி இரு பக்கமும் ஆணியடித்த தடித்த கப்பல் கயிறு.

இரண்டாவதையும் மூன்றாவதையும் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பந்தை எடுக்க ஓடிய நேரத்தில் கார் ஒன்று கிரீச்சென்று பிரேக் அடித்து நின்றிருக்கும். அல்லது நிற்காமலே போயிருக்கும். மனு எழுதி, பதில் வராமல், கடைசியில் கையில் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். அந்தக் கவலை நூற்றுக்கு நூறு நியாயமானது. அந்த மேடு செய்யும் வேலைதான் அவர்கள் நினைத்ததற்கு நேர் எதிரானது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

கவலை ஏன் நியாயம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் பிள்ளையைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக எப்படியும் ஒரு வினாடி ஆகும். பிரேக் பிடித்தபின் காய்ந்த சாலையில் நிற்க இன்னொரு 14 மீட்டர் வேண்டும். மொத்தம் 28 மீட்டர். நம் வரிசை வீடுகளின் முகப்பு 20, 22 அடிதான். அப்படியானால் நாலு வீட்டைத் தாண்டித்தான் கார் நிற்கும். அதே கார் 30 கிலோமீட்டரில் வந்தால் 13 மீட்டரில், இரண்டு வீட்டுக்குள், நின்றுவிடும். இன்னொரு விதமாகவும் சொல்லலாம். 30இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், 50இல் வந்த காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கையே மிதித்திருக்க மாட்டார். பிள்ளை அந்த இடத்தில் நின்றால் முழு 50இல்தான் அடி விழும். மழை பெய்த சாலையில் நிலைமை இன்னும் மோசம்.

மக்கள் நடமாடும் தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு கேட்டுக்கொண்டதும் இதனால்தான். நம் நாட்டிலும் 2030க்குள் சாலை மரணங்களைப் பாதியாகக் குறைப்பதாக அரசு திட்டம் வகுத்திருக்கிறது. ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சாலையில் பறிகொடுக்கும் நாடு இது. அதில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சிமெண்டு மேட்டுக்குத் திரும்புவோம்.

வேகத்தடையை முதலில் சிந்தித்தவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர். 1927இல் பரிசு வாங்கிய ஆர்தர் ஹாலி காம்ப்டன், செயிண்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தார். வளாகத்தின் முன்னால் கார்கள் பறப்பதைப் பார்த்து 1953இல் சாலைக்கு மேடு வடிவமைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1973இல், பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் பல வடிவ மேடுகளைப் போட்டு வண்டிகளை ஓட்டிச் சோதித்தார். அவர் கண்டதை நம் தெருக்காரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். குறுகலான, செங்குத்தான மேட்டில் மெதுவாக ஏறுகிறவருக்குத்தான் குலுக்கல் அதிகம். வேகமாகப் போனால் சக்கரம் மட்டும் துள்ளும், அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. நீளமான, வட்டமாக எழுந்து இறங்கும் மேட்டில் கதை தலைகீழ். அங்கே வேகம் கூடக் கூட வண்டி முழுவதுமே தூக்கிப் போடும். சுமார் 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம் என்ற அளவு அந்தச் சோதனையில் தேறியது. பல நாடுகள் பிறகு அதையே எடுத்துக்கொண்டன. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வகுத்த விதியிலும் இதே 3.7 மீட்டர், இதே 10 சென்டிமீட்டர்தான். தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் அங்கே பட்ட குலுக்கல்களை நினைத்துச் சிரிக்கலாம். விதி இருந்தும் அதைப் பார்க்காமல் போட்டவை அவை. தேசிய நெடுஞ்சாலைகளில் இருந்த மேடுகளை அகற்றும்படி 2016இல் மத்திய அரசே சொல்ல வேண்டி வந்தது.

ஆக, ஒரு முழச் சிமெண்டு மேடு பறக்கிற காரைத் தடுப்பதில்லை. அது தண்டிப்பது வேறு ஆட்களை. விடியற்காலை ஆறு மணிக்குப் பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிற பெண்ணை. முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, இடையில் பள்ளிப் பை என்று ஓட்டிப் போகிற அப்பாவை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வருகிற பாட்டியை. ஊசி குத்திய கையோடு வீடு திரும்பும் அவருக்கு ஒவ்வொரு மேடும் ஒரு வேதனை. விளக்கில்லாத சாலையில், வர்ணம் உரிந்த கறுப்பு மேடு மோட்டார் சைக்கிள்காரரின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கயிறோ இன்னும் மோசம். மழையில் நனைந்தால் வழுக்கும், ஆணி கழன்றால் ஒரு முனை எழும்பிச் சக்கரத்தில் சுற்றும்.

செம்பனைத் தோட்டத்து வழியில் இன்னொன்றைக் கவனித்திருக்கிறேன். குலை ஏற்றிய லோரி மேட்டில் ஏறி இறங்கும்போது உதிரிப் பழங்கள் சாலையில் சிந்தும். அடுத்து வரும் வண்டி அவற்றை நசுக்கும். மேட்டுக்கு அப்பால் ஒரு பத்தடிக்கு எண்ணெய் பூசியது போல ஆகிவிடும். மேட்டுக்காக வேகத்தைக் குறைத்த மோட்டார் சைக்கிள்காரர், மேட்டைத் தாண்டி முறுக்கிய கணத்தில் சறுக்குவார். அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்குவது யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அந்தக் கேள்விதான் மலாக்காத் தமிழருக்கு மற்ற எல்லாரையும்விடச் சிக்கலானது. நம் சாலைகள் பிறந்த கதை அப்படி. 1896இல் டான் சாய் யான், புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய அளவில் விரித்தார். மலாக்காவில் தோட்டங்கள் பெருகின, தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், லயங்கள் எழுந்தன. பாலை ஏற்றிப் போக, ஆட்களைக் கொண்டுவரத் தோட்டமே செம்மண் சாலை வெட்டிக்கொண்டது. அது தோட்டத்தின் சொந்தச் சாலை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டானபோது வீடமைப்புப் பகுதி வந்தது, தொழிற்சாலை வந்தது. தமிழ்ப்பள்ளியும் கோயிலும் மட்டும் பழைய இடத்திலேயே நின்றன. லயத்துப் பிள்ளைகள் நடந்து போன வழியில் இன்று வெளியூர்க் கார்களும் லோரிகளும் குறுக்கு வழி தேடி வருகின்றன. மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் இன்னும் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் ஓடும் சாலை யாருடையது என்பதுதான் மாறிவிட்டது.

சாலை யாருடையது என்று தெரியாமல் எழுதும் மனு எங்கேயும் போய்ச் சேராது. ஐந்தாம் எண் சாலை, அலோர் காஜா, மலாக்கா, ஜாசினை இணைக்கும் ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலை போன்றவை கூட்டரசுச் சாலைகள். அவற்றில் வேகத்தடை கேட்பது பெரும்பாலும் வீண். அங்கே கேட்க வேண்டியது சமிக்ஞை விளக்கு, நடைபாலம், பள்ளி வட்டார வேகக் கட்டுப்பாடு. ‘எம்’ எழுத்தோடு எண் போட்ட மாநிலச் சாலைகள் பொதுப்பணித் துறையின் கையில் இருக்கின்றன. வீடமைப்புப் பகுதிக்குள் இருக்கும் தெருக்கள் மலாக்கா மாநகர் மன்றத்துடையவை, இல்லையென்றால் அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்களில் ஒன்றுடையவை. புதிய வீடமைப்பில் மேம்பாட்டாளர் சாலையை இன்னும் ஒப்படைக்காமல் இருந்தால் அது அவர் தலையில். தோட்டத்துச் சாலை கம்பெனி தலையில். இவை எதிலும் சேராமல் நடுவில் தொங்குகிறவையும் உண்டு. தோட்டம் கைவிட்டிருக்கும், மன்றம் ஏற்றிருக்காது. கூட்டரசு அரசாங்கம் மாநிலங்களுக்குச் சாலைப் பராமரிப்புப் பணம் கொடுப்பது ‘மாரிஸ்’ என்ற பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான். பதிவேட்டில் இல்லாத சாலையில் மேடு போடுவது இருக்கட்டும், குழியை மூடவே காசு வராது. இப்படிப்பட்ட இடத்தில் வேகத்தடை கேட்பதற்கு முன்னால் சாலையைப் பதிவேட்டில் ஏற்றக் கேட்க வேண்டும். நம் பழைய தோட்டக் குடியிருப்புகளுக்கு இதைவிட அவசரமான காரியம் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

மேடு இல்லாமலும் வேகம் குறையலாம். ஜோங்கர் தெருவுக்குப் பக்கத்தில் துக்காங் எமாஸ் சாலைக்குப் போய் நின்று பாருங்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் ஒரே வரிசையில் இருக்கும் தெரு அது. பறப்பதற்கு இடமே இல்லை. தெரு குறுகல், கடைகள் சாலையோரம் வரை, மக்கள் நடுவில் நடக்கிறார்கள். ஓட்டுநர் தானாகவே காலை எடுக்கிறார். புது வீடமைப்புகளில் 50 அடி, 66 அடி என்று நேராக, அகலமாகச் சாலை போட்டுக் கொடுத்துவிட்டு, ஓட்டுகிறவர் மெதுவாகப் போகவில்லையே என்று அங்கலாய்க்கிறோம். சாலையே ‘ஓட்டு’ என்று சொல்லும்போது பலகை சொல்வதை யார் கேட்பார்? வேகத்தடை, பிறகு ஒட்டுப் போடும் வைத்தியம்தான். ஆனாலும் கட்டிய சாலையை இடிக்க முடியாத இடத்தில் அது வேலை செய்கிறது. அமெரிக்காவின் ஓக்லாந்தில் 1995 முதல் 2000 வரை அடிபட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. வீட்டருகே வேகத்தடை இருந்த பிள்ளைகள் தம் தெருப்பக்கம் வண்டியில் அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. முறைப்படி போட்ட மேடுகள் அவை.

எதிர்ப்பும் வரும், அதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மேட்டுக்கு நேர் எதிரே இருக்கும் வீட்டுக்காரருக்கு இரவெல்லாம் பிரேக் சத்தம், முறுக்கும் சத்தம், காலி லோரியின் தகரம் அடிக்கும் சத்தம். ஆம்புலன்ஸுக்கு ஒவ்வொரு மேட்டிலும் சில வினாடிகள் போகும். அவசர வண்டியும் பேருந்தும் போகும் வழியில், அகலமான வண்டியின் சக்கரங்கள் இரு பக்கமும் இறங்கிப் போகும்படி திண்டு போல இடைவெளி விட்ட வடிவம் கேட்கலாம். ரதம் இழுக்கும் தெருவாக இருந்தால், காவடி எடுத்து வெறுங்காலோடு நடப்பவர்களையும் நினைத்து இடத்தை முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் இன்னொரு தொல்லை. மழைநீர் வடிய மேட்டின் ஓரத்தில் இடைவெளி விடுவார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்த இடைவெளி வழியாகத்தான் நுழைவார்கள். பள்ளி விட்ட பிள்ளைகள் வரிசையாக நடந்து வருவதும் வடிகாலை ஒட்டிய அதே ஓரத்தில்தான். அங்கே ஒரு சின்னக் கம்பம் நட்டால் தீர்ந்துவிடும் ஆபத்து அது. வரைபடம் போடும் பொறியாளர் ஒரு நாள் மதியம் பள்ளி விடும் நேரத்தில் வந்து நின்று பார்த்தால் இதைச் சொல்லித்தர யாரும் தேவையில்லை.

ஒற்றை மேட்டால் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேட்டில் குறைத்துவிட்டு, தாண்டியதும் விட்டதைப் பிடிக்கப் பறப்பார்கள். வேகம் தெரு முழுவதும் 30ஐ ஒட்டி இருக்க வேண்டுமானால் 60 முதல் 100 மீட்டருக்கு ஒன்று வேண்டும். பள்ளி வாசலில் என்றால் மேட்டையே அகலமாக்கி, தட்டையாக்கி, அதன் மேலேயே பாதசாரிக் கோடு போடுவது சிறந்தது. பிள்ளை சாலைக்கு இறங்கத் தேவையில்லை, காரே பிள்ளையின் உயரத்துக்கு ஏறி வர வேண்டும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? நம் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டவை, இன்றுவரை திரும்பவில்லை. மன்ற உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்கள். ஓட்டால் அவர்களை மாற்ற முடியாது. அதனால்தான் நம் ஆட்கள் தேர்தல் நேரத்தில் சட்டமன்ற வேட்பாளரைப் பிடித்து “ஒரு பம்ப் போட்டுக் கொடுங்கண்ணே” என்று கேட்கிறார்கள். அவரும் தலையாட்டுகிறார். வாய்ச்சொல்லுக்குக் கோப்பு எண் கிடையாது. எழுத்தில் கேட்க வேண்டும். குடியிருப்பாளர் சங்கமோ, ருக்குன் தெத்தாங்காவோ, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ பெயர் போட்டு, மன்றத்தின் பொறியியல் துறைக்கு எழுதட்டும். சட்டமன்ற உறுப்பினருக்கும் வட்டார மன்ற உறுப்பினருக்கும் நகல் போகட்டும். தெருவின் பெயர், எந்த விளக்குக் கம்பத்துக்கு அருகில், எத்தனை மணிக்கு நெரிசல், இதுவரை நடந்த விபத்துகளின் போலீஸ் புகார் எண்கள், மேடு வரும் இடத்துக்கு எதிர் வீட்டுக்காரர்களின் சம்மதக் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கட்டும். தெருவில் ஏற்கெனவே சிமெண்டு மேடோ கயிறோ இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதி, முறையானது வந்ததும் எடுத்துவிடுகிறோம் என்று சொல்லலாம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் பொதுச் சாலையில் தடை வைப்பதைக் குற்றமாகத்தான் பார்க்கிறது. விபத்து நடந்தால் போட்டவர் மாட்டிக்கொள்வார்.

கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். சங்கத்தின் செயலாளர் மாறலாம், மன்ற உறுப்பினரும் மாறுவார். புதிதாக வருகிறவரிடம் அதே நகலைக் காட்டி, அதே தேதியிலிருந்து கேட்கலாம்.